புறாக்கூண்டுக்குள் கொள்ளுத் தாத்தா

ஒரு கட்டடம் கட்டுகிறார்கள். நகரத்தின் முக்கியமான இடத்தில், பெரிய கட்டடக் கலைஞரை வைத்து, தடபுடலாக. பாதியில் பணம் தீர்ந்துவிடுகிறது. கூரை போடாத சுவர்கள் வருடக்கணக்கில் மொட்டையாக நிற்கின்றன. உள்ளே புறாக்கள் குடியேறிவிடுகின்றன. ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஐரோப்பாவிலேயே மகா ஆடம்பரமான புறாக்கூண்டு எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஊர், எடின்பரோ. ஸ்காட்லாந்தின் தலைநகரம். கட்டடத்தின் பெயர், ஜெனரல் ரிஜிஸ்டர் ஹவுஸ். ஒரு தேசத்தின் பத்திரங்களையும் பதிவேடுகளையும் பத்திரமாக வைப்பதற்கென்றே கட்டிய மாளிகை. ராபர்ட் ஆடம் போட்டுக்கொடுத்த பிளான். 1774ல் அடிக்கல் நாட்டி, நடுவில் புறாக்களுக்கு விட்டுக்கொடுத்து, 1788 வாக்கில்தான் ஒரு வழியாக முதல் பகுதியை முடித்தார்கள்.

நான் பி.காம். படித்தவன். மூன்று வருடம் பற்று, வரவு தவிர வேறெதையும் கண்ணில் காட்டவில்லை. அதனால் தாஜ்மகாலைப் பார்த்தால்கூட முதலில் 'யார் வீட்டுக் காசு?' என்றுதான் கேட்கத் தோன்றும். இங்கேயும் கேட்டேன். பதில் சுவாரசியமாக இருந்தது.

1745ல் ஸ்காட்லாந்தில் ஒரு கலகம். லண்டனில் உட்கார்ந்திருந்த ராஜாவை இறக்கிவிட்டு, பழைய ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசரை ஏற்றிவைக்கலாம் என்று கிளம்பினார்கள். ஜேக்கபைட்டுகள் என்று பெயர். 1746 ஏப்ரலில் கல்லோடன் என்கிற இடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிந்தது. தோற்றவர்களில் பலர் தூக்குமேடைக்குப் போனார்கள். நிலங்கள் அரசாங்கத்துக்குப் போயின. அப்படிப் பறிமுதல் செய்த எஸ்டேட்டுகளின் பணத்திலிருந்து 12,000 பவுண்டை எடுத்துத்தான் ரிஜிஸ்டர் ஹவுஸைக் கட்ட ஆரம்பித்தார்கள். பிடுங்கிய நிலத்தின் காசில், நிலப் பத்திரம் வைக்கும் வீடு.

இந்த ஜேக்கபைட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு குடும்பம் வரும்.

பேப்பர் கட்டுகளுக்கு எதற்கு மாளிகை என்று கேட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பட்ட சூடு அப்படி. 1296ல் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் படையெடுத்து வந்து ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனார். 1651ல் கிராம்வெல்லின் ஆட்கள் மறுபடி அள்ளினார்கள். எல்லாம் லண்டன் கோட்டையில் கிடந்தன. 1660ல் ராஜா ஆட்சி திரும்பியதும், சரி, அவர்கள் சொத்தை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று கப்பலில் ஏற்றினார்கள். டிசம்பர் மாசம். வட கடலில் புயல். பாரம் தாங்காத கப்பலிலிருந்து கொஞ்சம் பீப்பாய்களை 'எலிசபெத்' என்கிற இன்னொரு கப்பலுக்கு மாற்றினார்கள். அந்த எலிசபெத், 85 பீப்பாய் ஆவணங்களோடு மூழ்கிப்போனது.

போனவை போக மிச்சம் இருந்தவையும், பிறகு சேர்ந்தவையும்தான் இன்றைக்கு எடின்பரோவில் இருக்கின்றன. அவற்றைத் தேடிக்கொண்டு கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி. என் பாட்டனுக்குப் பாட்டன் யார்?

இப்போது ஒரு சின்னக் கற்பனை. நீங்கள் டொரண்டோவில் ஒரு பல் டாக்டர். பெயர் கேம்ப்பெல். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டீர்கள். எங்கே ஆரம்பிப்பீர்கள்?

கடைசியிலிருந்து. பரம்பரை தேடுபவர்கள் எப்போதும் பின்னால் நடக்க வேண்டும். 'எங்கள் வம்சம் மன்னர் வம்சம்' என்று மேலேயிருந்து இறங்க ஆரம்பித்தால் எல்லாரும் ராஜா வீட்டில்தான் போய் நிற்போம். தெரிந்த தாத்தாவைப் பிடித்து, அவர் அப்பாவுக்கு, அங்கிருந்து அவர் அப்பாவுக்கு.

சென்சஸ் உதவும். பத்து வருடத்துக்கு ஒருமுறை, வீடு வீடாக, தலை தலையாக. 1841லிருந்து பெயர்களோடு இருக்கிறது. ஆனால் நூறு வருடம் ஆனால்தான் வெளியே விடுவார்கள். 1921ம் வருடத்து ஏடுகளை 2022 நவம்பரில்தான் திறந்தார்கள். 1841 ஏட்டை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லிவிட்டார்கள். 39 வயதுப் பெண்மணிகள் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் 35 ஆனார்கள். யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது அரசாங்கப் பதிவு. ரிஜிஸ்டர் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே 1860களில் கட்டிய புது ரிஜிஸ்டர் ஹவுஸ் இருக்கிறது. நடுவில் உயரமான குவிமாடம். அடுக்கடுக்காக அலமாரிகள். சிவப்பு அட்டை என்றால் பிறப்பு. பச்சை என்றால் கல்யாணம். கறுப்பு என்றால் மரணம். அண்ணாந்து பார்த்தால் ஒரு தேசமே பிறந்து, கட்டிக்கொண்டு, செத்து, அலமாரியில் வரிசையாக நிற்பது மாதிரி இருக்கும். இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம் என்பதால் புத்தகங்களை யாரும் புரட்டுவதில்லை.

இந்தப் பதிவு தொடங்கிய நாள், 1855 ஜனவரி 1. இங்கிலாந்தில் 1837லேயே வந்துவிட்டது. ஸ்காட்லாந்து லேட். ஆனால் லேட்டாக வந்தவர்கள் வெளுத்து வாங்கினார்கள். பிறப்புச் சான்றில் பெயர், தேதியோடு விட்டார்களா? அப்பா அம்மாவின் வயது என்ன, அவர்கள் எந்த ஊரில் பிறந்தார்கள், எங்கே எப்போது கல்யாணம் ஆனது, இதற்குமுன் எத்தனை குழந்தைகள், எத்தனை இருக்கின்றன, எத்தனை போய்விட்டன? இறப்பு என்றால் இன்னும் மோசம். செத்தவரின் பிள்ளைகள் பெயர், வயது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். எங்கே புதைத்தார்கள் என்பதுவரை.

துக்க வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறார். எழுதுகிற குமாஸ்தாவுக்குக் கை கடுக்காதா? ஒரே வருடத்தில் மூச்சு முட்டிப்போய், 1856லிருந்து கட்டங்களைக் குறைத்துவிட்டார்கள். அதனால் வம்சம் தேடுகிறவர்கள் மத்தியில் ஒரு விசித்திரமான ஆசை உண்டு. கொள்ளுத் தாத்தா எப்படியாவது 1855ல் செத்திருக்க வேண்டும்! அதைவிட அதிர்ஷ்டம் கிடையாது.

இன்னொரு விஷயத்தில் ஸ்காட்லாந்து எனக்குப் பிடிக்கும். பெண்களின் பெயர். இங்கிலாந்தில் ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டால், பிறந்த வீட்டுப் பெயர் பெரும்பாலான ஆவணங்களில் காணாமல் போய்விடும். ஸ்காட்லாந்தில் புருஷன் வீட்டுப் பெயரோடு அப்பா வீட்டுப் பெயரும் கூடவே வரும். பல இடங்களில் கல்லறைக் கல்லில்கூட பிறந்த வீட்டுப் பெயர்தான். இறப்புப் பதிவில் செத்தவரின் தாயார் பெயரும், அந்தத் தாயாரின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். ஆக, பாட்டி வழியில் பின்னால் நடக்கவும் பாதை உண்டு.

பெயர் வைப்பதிலும் கணக்கு உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா, அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா. நமக்கு இது புரியாமல் என்ன? பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. எல்லாரும் இப்படியே வைத்தார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அநேகம் பேர் வைத்தார்கள். விளைவு? ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஆறு ஜான் கேம்ப்பெல்கள். ஆறில் உங்கள் ஜான் யார் என்று கண்டுபிடிப்பதற்குள் பல் டாக்டரான உங்களுக்கே பல்வலி வந்துவிடும்.

சரி, எப்படியோ 1855 ஜனவரி 1ம் தேதி வரைக்கும் வந்துவிட்டீர்கள். அதற்கு முந்தின நாள்?

அங்கேதான் சர்ச் வருகிறது. ஸ்காட்லாந்தில் சர்ச்சைக் 'கிர்க்' என்பார்கள். எழும்பூரில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்சுக்கு 'தி கிர்க்' என்று பெயர் வந்தது இதனால்தான். கம்பெனி காலத்து ஸ்காட்லாந்துக்காரர்கள் 1821ல் கட்டியது.

ஸ்காட்லாந்து முழுக்க தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பாரிஷ்கள். ஒவ்வொன்றிலும் பாதிரியாரோ, சபைக் குமாஸ்தாவோ எழுதி வைத்த ஏடுகள். மொத்தம் சுமார் 3,500 தொகுதிகள். மிகப் பழையது பெர்த்ஷயரில் எரோல் என்கிற ஊருடையது. 1553ல் ஆரம்பிக்கிறது. ஆனால் எல்லா ஊரும் எரோல் ஆகுமா? சில ஊர்களில் 1800 வரைக்கும் உருப்படியாக ஒன்றும் கிடையாது. சில இடங்களில் எழுதியதை எலி தின்றது. வேறு சபைக்காரர்கள், கத்தோலிக்கர்கள் இந்த ஏட்டுப் பக்கமே வரவில்லை.

மேலே வந்து விழுந்தது வரி. 1783ல் லண்டன் அரசாங்கத்துக்குப் பணமுடை. அமெரிக்கப் போரில் காலியான கஜானா. என்ன செய்தார்கள் தெரியுமா? பாரிஷ் ஏட்டில் எழுதப்படும் ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும், கல்யாணத்துக்கும், அடக்கத்துக்கும் மூன்று பென்ஸ் முத்திரைத் தீர்வை! நிவாரணம் வாங்கிப் பிழைக்கும் ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. 1794ல்தான் எடுத்தார்கள். அந்தப் பதினோரு வருடத்தில் பல குடும்பங்கள் யோசித்தன. பிள்ளை பிறந்தது ஆண்டவனுக்குத் தெரியும், ஏட்டுக்கு எதற்கு மூன்று பென்ஸ்? எழுதாமலே விட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளைத் தேடித்தான் இன்றைக்குப் பேரன்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

மரணம் இன்னும் சிக்கல். அந்தக் காலத்துப் பாதிரியார்கள் பலர் சாவை எழுதவே இல்லை. பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது?

துணி வாடகைக் கணக்கைப் பாருங்கள் என்கிறார்கள். சவப்பெட்டியின் மேல் போர்த்த பாரிஷ் ஒரு துணி வைத்திருக்கும். நல்லது, சுமாரானது, குழந்தைகளுக்குச் சின்னது. அடக்கத்துக்கு எடுத்துப்போக வாடகை. அந்தக் காசு ஏழைகள் நிதிக்குப் போகும். நிதிக்குப் போவதால் கணக்கு எழுதியே ஆக வேண்டும். இன்ன தேதி, இன்னார் வீட்டுக்குத் துணி, இத்தனை ஷில்லிங். அவ்வளவுதான். ஒரு மனுஷன் செத்ததற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி, வரவுப் பக்கத்தில் ஒரு வரி.

இதைப் படித்த அன்றைக்கு நான் அந்தக் காலத்து என் அக்கவுண்டன்சி வாத்தியாரை மானசீகமாக ஒருமுறை கும்பிட்டேன். பாடத்தில் தூங்கியது தப்பு சார்.

ஏனென்றால் விஷயமே இதுதான். ராஜாவுக்கும் பிரபுவுக்கும் பத்திரம் உண்டு, பட்டயம் உண்டு, எழுத ஆள் உண்டு. சாதாரணக் குடியானவன், கூலிக்காரன், வேலைக்காரப் பெண் எப்போது காகிதத்தில் ஏறுகிறார்கள்? காசு கைமாறும்போது. வரி கட்டினால், வாடகை கொடுத்தால், நிவாரணம் கேட்டால். அல்லது...

அபராதம் கட்டினால்.

ஒவ்வொரு பாரிஷிலும் பாதிரியாரும் மூப்பர்களும் சேர்ந்த ஒரு சபை உண்டு. கிர்க் செஷன். நம் பஞ்சாயத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தான், குடித்துவிட்டுச் சண்டை போட்டான், அடுத்த வீட்டுக்காரியை வைதாள் என்று எல்லா வழக்கும் அங்கே வரும். ஆனால் ஏடுகளைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் வருவது வேறு ஒன்று. கல்யாணமாகாத பெண். வயிற்றில் பிள்ளை. யார் அப்பன்?

கூப்பிட்டு விசாரிப்பார்கள். சொல்லாவிட்டால் மறுபடி கூப்பிடுவார்கள். பிரசவ வலியில் இருக்கும்போது மருத்துவச்சியை விட்டுக் கேட்கச் சொன்ன ஊர்களும் உண்டு. அந்த நேரத்தில் பொய் வராதாம். பெயர் வெளியே வந்ததும் ஆணும் பெண்ணும் மூன்று ஞாயிறு சர்ச்சில் எல்லார் முன்னாலும், அதற்கென்றே வைத்திருக்கும் முக்காலியில் உட்கார வேண்டும். பாதிரியார் பெயர் சொல்லிக் கண்டிப்பார். அபராதமும் உண்டு. அதற்கு மக்கள் வைத்த பெயர் 'பட்டக் மெயில்'. பழைய ஸ்காட்ஸ் பேச்சில் 'மெயில்' என்றால் வாடகை, கப்பம். எல்லைப்புறத்தில் மாடு திருடாமலிருக்க ரவுடிகள் வாங்கிய மாமூல்தான் பிளாக்மெயில். இது அதன் சகோதரன். பின்பக்க வாடகை.

ஒழுக்கத்தின் மேல் அப்படி என்ன அக்கறை? அக்கறை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே ஒரு கணக்கும் இருந்தது. அப்பன் யாரென்று தெரியாத பிள்ளையை யார் வளர்ப்பது? பாரிஷின் ஏழைகள் நிதி. பெயர் தெரிந்தால் அவன் தலையில் கட்டிவிடலாம். அதனால்தான் விடாமல் துருவினார்கள்.

அந்த ஏட்டில் மாட்டிய ஒருவரை உங்களுக்கும் தெரியும். ஸ்காட்லாந்தின் தேசியக் கவி, ராபர்ட் பர்ன்ஸ்.

பாரிஷ் ஏட்டில் அவர் முதலில் வருவது சாதுவாகத்தான். 1759 ஜனவரி 25ல் பிறந்தார் என்று அயர் ஊரின் ஏடு சொல்கிறது. அப்பா பெயர் வில்லியம் பர்ன்ஸ் என்று குமாஸ்தா எழுதியிருக்கிறார். அப்பா தன் பெயரை 'பர்னெஸ்' என்று எழுதுகிறவர். யார் கேட்டார்கள்? காதில் விழுந்ததுதான் எழுத்து. ஒரே குடும்பத்தின் பெயர் நான்கு ஏட்டில் நான்கு விதமாக இருப்பது அங்கே சகஜம். 1786ல் மகனும் அந்தக் குட்டைப் பெயரையே வைத்துக்கொண்டுவிட்டார்.

அந்த 1786, பர்ன்ஸுக்குப் பொல்லாத வருடம். மாக்லின் என்கிற ஊர். ஜீன் ஆர்மர் என்கிற பெண். கர்ப்பம். பர்ன்ஸ் ஓடிவிடவில்லை. இவள் என் மனைவி என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டப்படி இரண்டு பேரும் மனசார ஒப்புக்கொண்டாலே கல்யாணம்தான். தாலி வேண்டாம், பாதிரியார் வேண்டாம். 'ஒழுங்கற்ற திருமணம்' என்று பெயர் சொல்வார்களே தவிர, செல்லும். இங்கிலாந்து ஜோடிகள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீனுக்கு ஓடிவந்ததெல்லாம் இந்த வசதிக்காகத்தான்.

ஜீனின் அப்பா, கட்டட மேஸ்திரி. விஷயம் கேட்டு மயங்கி விழுந்தார் என்கிறார்கள். எழுந்ததும் முதல் வேலையாக, அந்தக் காகிதத்தை ஒரு வக்கீலிடம் கொண்டுபோய்ப் பெயர்களை வெட்டி எடுக்கச் செய்தார். கடன்கார விவசாயி, அதிலும் கவிதை எழுதுகிற கடன்கார விவசாயி, எந்த அப்பா சம்மதிப்பார்? மகளைப் பெய்ஸ்லி ஊருக்கு அனுப்பிவைத்தார்.

பெயரை வெட்டிவிட்டால் ஆச்சா? கிர்க் செஷன் விடவில்லை. பர்ன்ஸ் மூன்று ஞாயிறு சபை முன்னால் நின்று கண்டனம் வாங்கினார். ஆகஸ்ட் 6ம் தேதியோடு முடிந்தது. இதில் வேடிக்கை, அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு கில்மார்னக்கில் அச்சாகி வெளிவந்தது ஜூலை 31. சரியாக அந்த நாட்களில். சனிக்கிழமை கவிஞர், ஞாயிற்றுக்கிழமை குற்றவாளி. செப்டம்பரில் ஜீனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன.

இரண்டு வருடம் கழித்து, 1788 ஆகஸ்ட் 5ல், அதே செஷனின் ஏட்டில் மறுபடி இருவரும் வருகிறார்கள். நாங்கள் ஒழுங்கற்ற முறையில் திருமணம் செய்துகொண்டவர்கள்தான், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. கண்டித்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள். பர்ன்ஸ் ஏழைகள் நிதிக்கு ஒரு கினி கொடுத்தார். அதுவும் எழுதியிருக்கிறது. அடுத்த வருடம் அவருக்கே கலால் தீர்வை வசூலிக்கிற உத்தியோகம் கிடைத்தது என்பது தனிக் கதை.

பர்ன்ஸ் விஷயம் நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. அவர் கவிஞர், ஆம்பளை, பிழைத்துக்கொண்டார். அதே ஏட்டில் முந்தின பக்கத்திலும் அடுத்த பக்கத்திலும் இருக்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள். பதினெட்டு வயது. பால் கறக்கிற வேலைக்காரி. ஒருநாளும் அவள் பேச்சை யாரும் எழுதி வைத்ததில்லை. முதன்முதலாக ஒரு குமாஸ்தா அவள் சொன்னதை வரிக்கு வரி எழுதுகிறார் என்றால், ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேர் நடுவில் நிற்க வைத்து, அந்தக் கேள்வியைக் கேட்ட நாளில்தான். இருநூறு வருடம் கழித்து அவள் எள்ளுப் பேத்தி தேடி வந்து, பாட்டியின் குரலைக் கேட்கிறாள். கேட்கிற ஒரே இடம் அது. 2021லிருந்து இந்த ஏடுகளில் பெரும்பகுதியை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். சந்தோஷப்படுவதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா? எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் படித்திருப்பேன்.

சரி டாக்டர், உங்களை டொரண்டோவுக்கு வழியனுப்பிவிடலாம். நீங்கள் எப்படியும் 1750 வரைக்கும் போய்விடுவீர்கள்.

இப்போது இன்னொரு கற்பனை. பெயர் அதே கேம்ப்பெல். ஊர் மட்டும் வேறு. ஜமைக்கா.

ஜமைக்காவில் கேம்ப்பெல்களுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து கரும்புத் தோட்டம் போடப் போனவர்களின் பெயர் அது. அவர்களுடைய பிள்ளைகள், அவர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள், பிறகு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் கேம்ப்பெல். நீங்களும் பின்னால் நடக்கிறீர்கள். 1838 வரைக்கும் வரலாம். அதற்குமுன், 1817லிருந்து மூன்று வருடத்துக்கொரு தடவை முதலாளிகள் எடுத்துக்கொடுத்த அடிமைப் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா, தீவிலேயே பிறந்தவரா. எங்கள் காலேஜில் 'ஸ்டாக் ரிஜிஸ்டர்' என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதே வடிவம். 1833ல் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டபோது இரண்டு கோடி பவுண்ட் நஷ்ட ஈடு ஒதுக்கினார்கள். அடிமைகளுக்கில்லை. முதலாளிகளுக்கு. யார் யாருக்கு எவ்வளவு என்கிற கணக்கு அப்படியே இருக்கிறது. 2013ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி அதைப் பொதுவில் வைத்தபோது, ஸ்காட்லாந்தின் பல கௌரவமான குடும்பங்கள் தங்கள் தாத்தா பெயரை அங்கே பார்த்தன.

முதலில் சொன்ன ஜேக்கபைட் குடும்பம் இங்கேதான் வருகிறது. வெடர்பர்ன் குடும்பம். கலகத்தில் பிடிபட்ட சர் ஜான் வெடர்பர்னை 1746 நவம்பரில் லண்டனில் தூக்கில் போட்டார்கள். மகன்கள் ஜானும் ஜேம்ஸும் ஜமைக்காவுக்குத் தப்பிப் போனார்கள். வெறுங்கையோடு போனவர்கள் பெரும் பணக்காரர்களாகத் திரும்பினார்கள்.

அண்ணன் ஜான் திரும்பியது 1769ல். பெர்த்ஷயரில் பேலன்டீன் என்கிற பங்களா. கூடவே ஒரு இளைஞன். சிறுவனாக இருக்கும்போது அடிமைக் கப்பலிலிருந்து வாங்கியது. பெயர் ஜோசப் நைட். 'நைட்' யார் பெயர் தெரியுமா? கப்பல் கேப்டன் பெயர். எந்த வம்சாவளி நிபுணர் வந்தாலும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர முடியாது.

ஜோசப் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். 1772ல் லண்டனில் ஒரு அடிமைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த செய்தியைப் பேப்பரில் பார்த்தார். நான் கிளம்புகிறேன் என்றார். வெடர்பர்ன் விடவில்லை. உள்ளூர் நீதிபதிகள் முதலாளி பக்கம். ஜோசப் பெர்த் ஷெரிஃப் நீதிமன்றத்துக்குப் போனார். ஜெயித்தார். வெடர்பர்ன் எடின்பரோ வரை மேல்முறையீடு செய்தார். 1778ல் அங்கேயும் ஜோசப்தான் ஜெயித்தார். ஸ்காட்லாந்து மண்ணில் அடிமை என்று ஒரு நிலையைச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பு. வழக்குக் காகிதங்கள் எல்லாம் எடின்பரோவில் பத்திரமாக இருக்கின்றன.

அதற்கப்புறம்? ஜோசப் நைட்டைப் பற்றி ஒரு வரி கிடைக்கவில்லை. எங்கே வாழ்ந்தார், எப்போது இறந்தார், பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ம்ஹூம். சுதந்தர மனிதராக வாழ்ந்தவருக்கு முதலாளி கணக்கில் இடமில்லை. வெடர்பர்ன் குடும்பத்துக்கோ, 1296லிருந்து 1896வரை அறுநூறு வருட வரலாறு இரண்டு தொகுதிகளாக 1898ல் அச்சானது.

தம்பி ஜேம்ஸின் கதை இன்னும் கொஞ்சம். ஜமைக்காவில் ரோசன்னா என்கிற அடிமைப் பெண்ணிடம் அவருக்கு ஒரு மகன். ராபர்ட் வெடர்பர்ன். 1762 வாக்கில் பிறந்தவர். கர்ப்பமாக இருக்கும்போதே ரோசன்னாவை விற்றுவிட்டார் ஜேம்ஸ். பிறக்கிற பிள்ளை மட்டும் சுதந்தரமானது என்று ஒப்பந்தம். அந்தப் பிள்ளை வளர்ந்து, கப்பலேறி லண்டன் வந்து, தையல் வேலை பார்த்து, பிற்காலத்தில் அடிமைமுறைக்கு எதிராக மேடை ஏறிப் பேசி, ஜெயிலுக்கும் போனது.

1824ல் ராபர்ட் லண்டன் பத்திரிகை ஒன்றில் தன் அப்பா யாரென்று பகிரங்கமாக எழுதினார். உடனே மறுப்பு வந்தது. ஜேம்ஸின் முறையான மகன் ஆண்ட்ரூ எழுதினார். இவன் எங்கள் அப்பாவுக்குப் பிறந்தவன் இல்லை என்று. இதில் ஒரு விஷயம் பாருங்கள். அந்த ஆண்ட்ரூ பத்து வருடம் முன்னாலேயே, 1814ல், வெடர்பர்ன் என்கிற குடும்பப் பெயரை விட்டுவிட்டு கோல்வில் என்று மாற்றிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்தான் சாகும்வரை வெடர்பர்னாக இருந்தார்.

ராபர்ட் ஒரே ஒரு முறை அப்பாவைத் தேடி ஸ்காட்லாந்து போயிருக்கிறார். எடின்பரோவுக்குப் பக்கத்தில் இன்வெரெஸ்க் என்கிற ஊரில் பெரிய வீடு. கையில் காசில்லை, மனைவி கர்ப்பம். அப்பா சேர்த்துக்கொள்ளவில்லை. சமையற்காரர் கொஞ்சம் பியர் கொடுத்தார். மட்டமான பியர். வாசலில் நின்ற வேலைக்காரர் ஒரு ஆறு பென்ஸ் காசு கொடுத்தார். விரிசல் விட்ட காசு.

நமக்கு அந்த ஆறு பென்ஸைப் பற்றித் தெரிவது, அதை வாங்கிக்கொண்டவரே பிறகு எழுதி வைத்ததால்தான்.